ஐந்து வரிச் செய்தி

தினமும் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் பெத்தாங்க் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். மீதிப் பேர் என்னைப் போலப் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகவும் வாத்தியாராகவும் காலம் தள்ளியவர்கள். அவர்களுக்கு ஈரோவில் பென்ஷன், எங்களுக்கு ரூபாயில். இரும்புக் குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஒரு சொல்தா. பெயர் வேண்டாம், அண்ணன் என்றே எழுதுகிறேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். 1962இல் நாடு மாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். அவருடைய அப்பா கையெழுத்துப் போட்டார். என் அப்பா போடவில்லை. ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள் இருவரும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது இப்படித்தான். அவர் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து பிரெத்தாஞ் பகுதியில் வான் என்ற ஊரில் இருந்தார். ராணுவத்தை விட்ட பிறகு பக்கத்திலிருக்கும் லொரியான் துறைமுகத்தில் மீன் பதப்படுத்தும் இடத்தில் சில வருஷம் வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது பென்ஷனோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார். லொரியான் கால்பந்து கிளப்பின் மீது ஒரு பைத்தியம்.

லொரியான் என்ற பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் காதில் மணி அடிக்க வேண்டும். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டுவதற்காக உண்டான ஊர் அது. பெயரே கீழ்த்திசை என்றுதான் பொருள். நம் ஊர் நெசவாளர்களின் துணி ஏறிப் போய் இறங்கிய துறைமுகம். 1761இல் ஆங்கிலேயர் நம் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லொரியானை 1943இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின, அங்கே ஜெர்மானியரின் நீர்மூழ்கித் தளம் இருந்ததால். "ரெண்டு ஊரும் ஒரே ஜாதகம்டா தம்பி" என்பார் அண்ணன்.

அவருக்குக் கண்ணில் பிரஷர். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் ஆள் நிழல் தெரியும், எழுத்து தெரியாது. பெத்தாங்க் ஆடும்போது "கொஞ்சம் இடது பக்கம் அண்ணே" என்று நாங்கள் சொல்வோம், அவர் குத்துமதிப்பாகப் போடுவார், பல நேரம் எங்களைவிட நன்றாகவே போடுவார். ஆனால் பேப்பர் படிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். என் அக்கா மகன் பாரீஸில் இருக்கிறான், அவன் தன் சந்தாவில் நானும் விளையாட்டுப் பத்திரிகை படிக்க வழி செய்து கொடுத்தான். தினமும் காலை ஏழரைக்கு அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒரு காப்பியைக் குடித்துக்கொண்டே அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகு நான் தவறாமல் பார்த்த ஒரே உத்தியோகம் அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2025 மே மாதம் பிரான்சின் இரண்டாம் பிரிவுப் போட்டிகள் முடிந்தன. முதலிடம் லொரியான். இரண்டாமிடம் பாரீஸ் எஃப்சி. இருவரும் நேராக முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். மூன்றாவதாக வந்த மெட்ஸ், ரேம்ஸ் அணியைத் தோற்கடித்து மேலே வந்தது. ஆனால் பத்திரிகையைத் திறந்தால் உயர்ந்தது ஒரே ஒரு கிளப்தான் என்று தோன்றும். பக்கம் பக்கமாகப் பாரீஸ் எஃப்சி.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கிளப் கடைசியாக முதல் பிரிவில் ஆடியது 1978-79இல். நாற்பத்தாறு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறது. அதோடு 2024 கடைசியில் பெர்னார் ஆர்னோவின் குடும்பம் அதன் பெரும்பங்கை வாங்கியிருந்தது. லூயி வித்தோன் பை, தியோர் வாசனைத் திரவியம் எல்லாம் விற்கும் அதே எல்விஎம்எச் முதலாளி. கூடவே சிறு பங்குக்கு ரெட் புல் கம்பெனி. அப்போது ரெட் புல்லின் கால்பந்துத் துறைத் தலைவர் லிவர்பூலில் பேர் வாங்கிய யூர்கன் குளோப். இவ்வளவும் ஒரே இடத்தில் இருந்தால் எந்த நிருபருக்குத்தான் கை நமைக்காது?

எங்கள் மைதானத்தில் இதற்கு இரண்டு விதமான எதிர்ப்பு எழுந்தது.

ஒன்று வாத்தியாருடையது. பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மகன் பாரீஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறான், இருவருமே பி.எஸ்.ஜி. கட்சி. அந்த மே 31இல் பி.எஸ்.ஜி. இன்டர் மிலானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று அடித்து முதல் முறையாக ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அப்படியிருந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. "பாரீஸுக்கு இன்னொரு கிளப்பாம்! டிக்கெட்டை இலவசமாக் குடுத்துக் கூட்டம் சேர்த்தவங்க" என்று பொருமுவார். அது உண்மைதான். 2023 நவம்பரிலிருந்து ஷார்லெத்தி மைதானத்தில் பாரீஸ் எஃப்சி ஆட்டத்துக்கு அனுமதி இலவசமாக இருந்தது. வாத்தியாருக்கு இன்னொரு எரிச்சல், முதல் பிரிவுக்கு வந்ததும் அவர்கள் ழான் பூவேன் மைதானத்துக்குக் குடிபோகிறார்கள் என்பது. அது பி.எஸ்.ஜி.யின் பார்க் தெ ப்ரேன்சுக்கு எதிர்ச்சாரி. நம் ஊரில் பழைய ஜவுளிக்கடைக்கு எதிரிலேயே புதுக் கடை திறந்த மாதிரி.

இதில் ஒரு பழைய குடும்பக் கதையும் இருக்கிறது. 1969இல் பிறந்த பாரீஸ் எஃப்சியும் ஸ்தாத் சேன் ஜெர்மேனும் 1970இல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் பி.எஸ்.ஜி. இரண்டே வருஷத்தில் பாகப்பிரிவினை. முதல் பிரிவில் இருக்கும் இடம் பாரீஸ் எஃப்சிக்குப் போனது, பி.எஸ்.ஜி. மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 1974இல் ஒன்று ஏற, மற்றது இறங்கியது. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு ஐம்பது வருஷம் கழித்து எதிர்வீட்டில் வந்து நிற்கிறது என்றால் வாத்தியார் பொருமுவதில் நியாயம் உண்டு.

இரண்டாவது எதிர்ப்பு அண்ணனுடையது. அதுதான் ஆழமானது.

"முதல்ல வந்தது யாரு?" என்று கேட்பார். "ரெண்டாவதா வந்தவன் கைப்பை விக்கிறவன். அவனுக்கு ஆறு பக்கம். சாம்பியனுக்கு?"

சாம்பியனுக்கு அன்று ஐந்து வரி. நான் எண்ணிப் பார்த்தேன்.

அண்ணன் சந்தேகப்பட்டது ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல முடியாது. லெ பாரிசியேன் பத்திரிகை 2015 முதல் எல்விஎம்எச் வசம் இருக்கிறது. பாரி மாட்ச் வார இதழையும் 2024இல் வாங்கினார்கள். பத்திரிகையும் கிளப்பும் ஒரே வீட்டில் இருந்தால் கேள்வி எழத்தான் செய்யும். அண்ணன் அங்கே இருந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது. எண்பதுகளில் ழான் லுக் லகார்தேர், மாத்ரா கம்பெனி முதலாளி, கையில் ஐரோப் 1 வானொலியும் அஷெத் பதிப்பகமும் வைத்திருந்தவர், பாரீஸில் ரேசிங் கிளப்பைத் தூக்கி நிறுத்தப் பணத்தைக் கொட்டினார். பிரான்செஸ்கோலி வந்தார், லிட்பார்ஸ்கி வந்தார், பி.எஸ்.ஜி.யிலிருந்து லூயிஸ் பெர்னாண்டசை இழுத்தார்கள். 1989இல் மாத்ரா கைகழுவியது. அடுத்த வருஷமே கிளப் கீழே போய்விட்டது. "அப்பவும் இப்படித்தான் எழுதினாங்க. ஆள் போனதும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல" என்பார் அண்ணன்.

ஆனால் நாங்கள் தினமும் படித்த பத்திரிகை வேறு முதலாளியுடையது. அதற்கும் ஆர்னோ குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதிலும் பாரீஸ் எஃப்சிதான் நிறைந்திருந்தது. ஆகவே சதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைநகரம், பணம், பழைய பகை, மூன்றும் இருக்கிற இடத்துக்குச் செய்தி தானாக ஓடும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி. லொரியானில் என்ன செய்தி? கீழே போனார்கள், ஒரே வருஷத்தில் ஒழுங்காக ஆடி மேலே வந்தார்கள். ஒழுங்கு செய்தி ஆகாது.

இது எனக்குப் புதிதும் இல்லை. ஒருமுறை புயல் நிவாரணப் பட்டியலை மூன்று இரவு கண் விழித்து நானும் இன்னொரு குமாஸ்தாவும் தயாரித்தோம். மறுவாரம் பேப்பரில் படம் வந்தது. அதிகாரி நின்று உதவித் தொகை கொடுக்கிறார், கீழே பட்டியலைக் குறுகிய காலத்தில் முடித்ததற்கு அவருக்குப் பாராட்டு. என் மனைவி அந்தப் படத்தைக் கத்தரித்துப் பீரோவில் வைத்தாள். "இதுல நீங்க இல்லதான். வேலை உங்களோடது" என்றாள். அந்த ஐந்து வரியைப் பார்த்தபோது பீரோவில் இருந்த அந்தத் துண்டு என் நினைவுக்கு வந்தது. அதனால்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.

அன்று காலை அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். "படி, சாம்பியனைப் பத்தி என்ன போட்டிருக்கான்?" என்றார். பாரீஸ் எஃப்சி பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அந்த ஐந்து வரிக்கு வந்தேன். படித்தேன். முடிந்துவிட்டது. அவர் முகம் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

நான் நிறுத்தவில்லை. இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன். மீன் துறைமுகத் தொழிலாளிகள் விடியும்வரை பாடினார்கள் என்றேன். 1982இல் கிளப் கீழ்ப் பிரிவில் கிடந்தபோது கிறிஸ்தியான் குர்குஃப் வந்து படிப்படியாகத் தூக்கியதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள் என்றேன். அதெல்லாம் அண்ணனே எனக்குச் சொன்ன கதை, அவருக்கே பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன். 2002இல் பாஸ்தியாவை வென்று பிரெஞ்சுக் கோப்பை வாங்கியதையும் சேர்த்தேன். வேகம் பிடித்துவிட்டது. கடைசியில், "இரண்டாமிடத்துக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்று ஆசிரியரே கேட்டிருக்கிறார்" என்று முடித்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தெரியாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

வாசித்துக் காட்டுகிறவன்தான் கண் தெரியாதவருக்குப் பத்திரிகை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாலையில் அண்ணன் மைதானத்துக்கு வந்ததே ஊர்வலம் மாதிரி இருந்தது. வாத்தியாரைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, பாத்தீங்களா? ஆசிரியரே கேட்டுட்டாரு, ரெண்டாமிடத்துக்கு ஏன் இவ்ளோ சத்தம்னு" என்றார். வாத்தியார் சளைத்தவரா? முதலில் வேறு பக்கம் அடித்தார். "உங்க லொரியான் மட்டும் மீன்காரர் கிளப்பா? முதலாளி லொயிக் பெரி நிதிச் சந்தை ஆளு. 2023லேயே அமெரிக்காக்காரர் பில் போலி பங்கு வாங்கியாச்சு. அவருக்கு இங்கிலாந்துல போர்ன்மவுத் கிளப்பும் இருக்கு. பணத்தைப் பத்தி நீங்க பேசக்கூடாது" என்றார். அண்ணன் அதற்கு அசையவில்லை. "பணம் யார்கிட்டயும் இருக்கட்டும். முதல்ல வந்தது யாரு?" என்றார். பிறகு வாத்தியார் போனை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

குண்டு கையில் இருந்தது எனக்கு. போட மறந்துவிட்டேன்.

"எங்கே இருக்கு அந்த வரி? இங்கே அஞ்சு வரிதான் இருக்கு" என்றார் வாத்தியார். சத்தமாகப் படித்தும் காட்டினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவர் கட்சிக்கு வாதாடினார், அவ்வளவுதான். இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார், சரியாக நான் நின்ற இடத்துக்கு.

"தம்பி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே?"

பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை ஏழரைக்குப் போனேன். உள்ளே இருக்கிறார், பார்க்க விருப்பமில்லையாம் என்று மருமகள் சங்கடத்தோடு சொன்னாள். மூன்று நாள் போனேன். பிறகு போகவில்லை. மைதானத்துக்கும் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம். எங்கள் வயதில் மூன்று மாதம் சின்னக் கணக்கு இல்லை. அந்த ஜூலையில் எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவர் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டில் அண்ணன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். யாராவது ஒருவர் கேட்டால் போதும் என்று இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் முதல் பிரிவு ஆட்டங்கள் தொடங்கின. பாரீஸ் எஃப்சி முதல் ஆட்டத்தில் தோற்றது, இரண்டாவதில் மார்செய்யிடம் ஐந்துக்கு இரண்டு என்று வாங்கிக்கட்டிக்கொண்டது. மறுநாள், ஆகஸ்ட் 24, லொரியான் தன் சொந்த மண்ணில் ரென் அணியை எதிர்கொண்டது. ரென் பிரெத்தாஞ்சின் தலைநகரம், பெரிய வீட்டுப் பிள்ளை. கிளப் பினோ குடும்பத்தின் சொத்து. குச்சி, சேன் லோரான் விற்கும் அந்தப் பினோவும் லூயி வித்தோன் விற்கும் ஆர்னோவும் வியாபாரத்தில் பங்காளிப் பகையாளிகள். ஆக அண்ணன் பார்வையில் அதுவும் கைப்பைக்காரர் கிளப்தான். அந்த ரென்னை லொரியான் நான்குக்குப் பூஜ்யம் என்று அடித்தது.

மறுநாள் காலை நல்ல பெரிய செய்தியாகவே போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கத் தேவையில்லாத செய்தி. காலை ஏழரை மணிக்கு என் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தேன். கேட்க ஆள் இல்லை. வாய்விட்டே படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிறகு என்ன தோன்றியதோ, பழைய குமாஸ்தாப் புத்தி, ஒரு நோட்டில் தேதி போட்டு வரிக்கு வரி நகல் எடுத்து வைத்தேன்.

ஆறே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, லீல் அணி லொரியானுக்கு வந்து ஏழு கோல் போட்டது. ஏழுக்கு ஒன்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் இறங்கினார். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வான்லேர்ந்து பொண்ணு போன் பண்ணுச்சு. ஏழு வாங்கிட்டோமாம். படி. ஒரு வரி விடாத. ஒரு வரி சேக்காத."

படித்தேன். ஏழு கோலையும் ஒவ்வொன்றாக, யார் கொடுத்தது, யார் போட்டது, யார் தடுக்கத் தவறியது, எல்லாம். நடுவில் எனக்குத் தொண்டை அடைத்தது, அவர் அசையவே இல்லை. என் வாழ்க்கையில் நான் படித்த கஷ்டமான பிரெஞ்சு அதுதான். பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குக்கூட அப்படி வேர்த்ததில்லை.

முடிந்ததும் கேட்டார், "எவ்ளோ பெரிசாப் போட்டிருக்கான்?"

"பெரிசாத்தான் அண்ணே. கிட்டத்தட்ட ஒரு பக்கம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு. "பாத்தியா, சாம்பியன் ஆனதுக்கு அஞ்சு வரி. ஏழு வாங்கினா ஒரு பக்கம். நம்ம பக்கமும் திரும்பிட்டான்டா!" என்றார். நானும் சிரித்தேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

காப்பியைப் பாதி குடித்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார். "ரென் ஆட்டத்தைப் பத்தி எழுதியிருப்பானே. பேரன்கிட்ட படிக்கச் சொன்னேன், அவனுக்கு அவ்ளோ வரல. அது உன்கிட்ட இருக்கா?"

நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்தை எடுப்பதற்கு முன், மே மாதத்து விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள், வந்தது இரண்டுதான். "விடு" என்றார். "குர்குஃப் கதைய மட்டும் நல்லாத்தான் சொன்ன. நான் சொன்னதவிட நல்லா இருந்துச்சு."

பிறகு நான்கு கோலையும் படித்தேன், எழுதியிருந்தபடி.

அன்று மாலை மைதானத்துக்கு வந்தார். வாத்தியார் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். "என்ன அண்ணே, ஏழாமே?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணனே பதில் சொன்னார். "ஆமா, ஏழு. பேப்பர்லயே வந்திருக்கு. தம்பி படிச்சான்."

குண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நேரா, ஏழு மீட்டர். கொஞ்சம் இடது பக்கம் அண்ணே."

அவர் அதை நம்பிப் போட்டார்.